பையில் எந்த கிளப்பை வைப்பது, எதை எடுப்பது: தூர இடைவெளிகளை அடைக்க ஒரு வழிகாட்டி

கோல்ஃப் ஆட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆனவர்களுக்கு, பந்தை அடிக்கும் மட்டையான கிளப் விஷயத்தில் ஒரு தொல்லை வரும். குழியில் நட்டிருக்கும் கொடிக்கு 95 யார்டு இருக்கும். கிட்டத்துக்கு அடிக்கும் வெட்ஜ் வகையில் பிட்சிங் வெட்ஜை எடுத்தால் பந்து, குழியைச் சுற்றிய புல்பரப்பான கிரீனைத் தாண்டிப் போகும். சாண்ட் வெட்ஜை முழு பலத்தோடு அடித்தாலும் முன்னால் இருக்கும் பங்கரில் (மணல் பள்ளத்தில்) போய் விழும். இன்னொரு பக்கம், தொலைவுக்கு அடிக்கும் 4-அயர்ன், 5-அயர்ன், ஹைப்ரிட் என்று மாற்றி மாற்றி அடித்தாலும் மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு கூடை பந்து அடிப்பார்கள். பல நேரம் குறை ஸ்விங்கில் (மட்டையை வீசும் விதத்தில்) இல்லை, பையில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்வதற்குள் நான் நிறையவே அலைய வேண்டியிருந்தது. கடையில் ஒருவர் ஒன்று சொல்வார், கூட ஆடுபவர் வேறொன்று சொல்வார், விளம்பரம் இரண்டுக்கும் பொருந்தாத ஒன்றைச் சொல்லும். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். அடிப்படை ஒன்றுதான்: கிளப்பின் அடியில் பொறித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். நீங்கள் அடிக்கும்போது பந்து எவ்வளவு தூரம் பறக்கிறது என்று அளந்து, அந்த அளவை வைத்துப் பையை அடுக்குங்கள். வாங்குவது கடைசி வேலை.

1. விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள்

ஒரு சுற்றில் 14 கிளப்புக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கிரீனில் பந்தை உருட்டும் பட்டரும் அந்தக் கணக்கில் சேரும், கிரீனுக்குப் பக்கத்திலிருந்து சிறு அடி அடிக்கும் சிப்பர் வைத்திருந்தால் அதுவும் சேரும். கூடுதலாக ஒன்று இருந்துவிட்டால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் அப்படி ஆடிய ஒவ்வொரு ஹோலுக்கும் 2 ஸ்ட்ரோக் (அடி) அபராதம். ஒரு சுற்றுக்கு மொத்தம் 4 ஸ்ட்ரோக் வரைதான் போகும். கவனித்த உடனே அந்தக் கூடுதல் கிளப்பை ஆட்டத்திலிருந்து விலக்கிவிட வேண்டும். விலக்காமல் அதைக் கொண்டு அடித்தால் தகுதி நீக்கம் வரை போகலாம். புது வெட்ஜ் வாங்கிய வாரத்தில்தான் இது அதிகம் நடக்கும். பழையதை வீட்டில் வைக்க மறந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். முதல் டீக்கு (முதல் அடி அடிக்கும் இடத்துக்கு) போகும் முன் பையை ஒரு முறை எண்ணிவிடுங்கள்.

14 என்பது உச்ச வரம்பு. அத்தனையையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புதிதாக ஆடுபவருக்குப் பத்துப் பதினோரு கிளப்பே தாராளம் என்பது என் கருத்து.

2. லாஃப்டை எழுதி வையுங்கள்

லாஃப்ட் என்பது கிளப் முகத்தின் சாய்வு. சாய்வு கூடினால் பந்து உயரமாகப் போய்க் கிட்டே விழும். குறைந்தால் தாழ்வாகப் போய்த் தொலைவில் விழும். கிளப்புக்குக் கிளப் தூரம் வேறுபடுவதில் ஷாஃப்ட் (தண்டு) நீளத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு லாஃப்டுக்குத்தான்.

இங்கேதான் முதல் பொறி. 7-அயர்ன் என்றால் இத்தனை டிகிரி என்று எந்த விதியும் கிடையாது. பழைய பாணி செட்டில் 7-அயர்ன் 34 டிகிரியும் பிட்சிங் வெட்ஜ் 46, 47 டிகிரியும் இருக்கும். தூரம் கூட வேண்டும் என்று தயாரிக்கப்படும் இன்றைய செட்களில் 7-அயர்ன் 30 டிகிரிக்குக் கீழேயும் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிக்கும் வந்துவிட்டது. அந்தப் பிட்சிங் வெட்ஜுக்குப் பக்கத்தில், தனியாக வாங்கிய 56 டிகிரி சாண்ட் வெட்ஜை வைத்தால் நடுவில் 12 டிகிரி காலி. அயர்ன்களுக்கு இடையே பொதுவாக 3 முதல் 5 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். அப்படியென்றால் இரண்டு கிளப் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

உங்கள் செட்டின் லாஃப்ட் பட்டியல் தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும். பழைய மாடலுக்கும் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிளப்பின் பெயர், லாஃப்ட், நீளம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கைமாறி வந்த செட் என்றால் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம், முன்பு வைத்திருந்தவர் வளைத்திருக்கலாம். கிளப் பழுது பார்க்கும் பட்டறையில் லாஃப்ட் அளக்கும் கருவி இருக்கும். அதில் வைத்து அளந்து தரச் சொல்லுங்கள், சிறிய வேலைதான்.

3. அளக்கும் முறை

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இது தவறினால் பின்னால் செய்வது எல்லாமே தவறும்.

அளக்க வேண்டியது கேரி. அடித்த இடத்திலிருந்து பந்து காற்றிலேயே போய் முதலில் தரையைத் தொடும் இடம் வரை உள்ள தூரம் அது. உருண்டு ஓடியதைச் சேர்க்காதீர்கள். தரை காய்ந்திருந்தால் நிறைய ஓடும், ஈரமாக இருந்தால் விழுந்த இடத்திலேயே நிற்கும். முன்னால் பங்கரோ தண்ணீரோ இருக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது கேரி மட்டும்தான்.

பந்து பறப்பதை அளக்கும் கருவியான லாஞ்ச் மானிட்டர் இருக்கும் ரேஞ்சோ (பயிற்சி இடம்) ஃபிட்டிங் அறையோ (உங்களுக்கேற்ற கிளப்பை அளந்து பார்க்கும் இடம்) கிடைத்தால் நல்லது. அங்கே போகும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

பந்து: ரேஞ்ச் பந்துகள் தேய்ந்திருக்கும். சில ரேஞ்சுகளில் தூரம் குறைவாகப் போவதற்கென்றே செய்த பந்துகளைப் போடுவார்கள். முடிந்தால் நீங்கள் வழக்கமாக ஆடும் பந்தைக் கொண்டுபோங்கள். அனுமதிக்கவில்லை என்றால் எல்லா கிளப்பையும் அதே ரேஞ்ச் பந்தில் அடியுங்கள். தூரம் முன்பின் இருந்தாலும் எங்கே இடைவெளி பெரிது, எங்கே சிறிது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

மேட்: செயற்கைப் புல் விரிப்பில், பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு பந்தை அடித்துவிடும். திரையில் நல்ல எண் வரும். அதே அடி நிஜப் புல்லில் பாதி தூரம்கூடப் போகாது. நீளமான அயர்ன்களுக்கு மேட்டில் வந்த எண்ணைப் பாதிதான் நம்பலாம், புல்லில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

களைப்பு: மிகத் தொலைவுக்கு அடிக்கும் டிரைவரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, களைத்த உடம்போடு அடித்தால் அந்த எண் பொய் சொல்லும். உடம்பு சூடேறிய பிறகு ஒவ்வொரு கிளப்பிலும் ஐந்து பந்து என்று ஒரு சுற்று முடியுங்கள், அப்புறம் தலைகீழ் வரிசையில் இன்னொரு ஐந்து. ஒரே நாளில் முடியாவிட்டால் வெட்ஜும் அயர்னும் ஒரு நாள், மற்றவை இன்னொரு நாள்.

எந்த எண்ணை எடுப்பது: மிக நன்றாக விழுந்த ஒரே ஒரு அடியை எடுத்து இதுதான் என் தூரம் என்று எழுதிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். அதை அடக்குங்கள். அப்பட்டமாகத் தவறிய ஒன்றிரண்டை ஒதுக்குங்கள், மிச்சத்தை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எழுதுங்கள். கூடவே மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒரு கிளப்பில் உங்கள் அடிகளே 25 யார்டு சிதறும்போது, இரண்டு கிளப்புக்கு நடுவே 6 யார்டு இடைவெளி இருக்கிறதே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

லாஞ்ச் மானிட்டர் கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. ஆட்டத்தின் போது லேசர் ரேஞ்ச் ஃபைண்டரோ ஜி.பி.எஸ். கடிகாரமோ கொண்டு பந்து விழுந்த தடத்திலிருந்து அளக்கலாம். நாள் அதிகம் பிடிக்கும், ஆனால் நிஜ மைதானத்தின் எண் கிடைக்கும். பலத்த காற்று வீசிய அடியையும் மேடு பள்ளத்தில் அடித்ததையும் சேர்க்காதீர்கள். குளிர் நாளில் பந்து குறைவாகப் போகும், உயரமான மலைப் பகுதியில் கூடுதலாகப் போகும். ஆகவே நீங்கள் வழக்கமாக ஆடும் சூழலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

4. பட்டியல் போட்டு வித்தியாசத்தைக் கழியுங்கள்

கற்பனையாக ஒருவரின் கேரிப் பட்டியலை (யார்டில்) எடுத்துக்கொள்வோம். வுட் என்பது தொலைவுக்கான பெரிய தலை கிளப், ஹைப்ரிட் என்பது வுட்டும் அயர்னும் கலந்தது.

டிரைவர் 205
3-வுட் 186
5-வுட் 182
4-ஹைப்ரிட் 166
5-அயர்ன் 161
6-அயர்ன் 152
7-அயர்ன் 141
8-அயர்ன் 130
9-அயர்ன் 119
பிட்சிங் வெட்ஜ் 107
சாண்ட் வெட்ஜ் 78

பட்டரோடு 12 கிளப். 6-அயர்னிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை படிப்படியாக 11, 12 யார்டு இறங்குகிறது, அங்கே கை வைக்க வேண்டாம். சிக்கல் மூன்று இடங்களில். 3-வுட்டும் 5-வுட்டும் 4 யார்டு தள்ளி நிற்கின்றன, இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஹைப்ரிட்டும் 5-அயர்னும் அப்படியே. பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே மட்டும் 29 யார்டு பள்ளம்.

இடைவெளி எவ்வளவு இருக்கலாம்? நடுத்தர வேகத்தில் அடிப்பவருக்கு அயர்ன்களில் 10 முதல் 12 யார்டு நல்லது. மெதுவாக அடிப்பவருக்கு 8 கூடப் போதும், வேகமாக அடிப்பவருக்கு 15 வரை போகும். ஹைப்ரிட், வுட் பக்கம் 15 முதல் 20 யார்டு இருந்தாலும் ஆட்டம் கெடாது, ஏனென்றால் அந்தத் தூரத்திலிருந்து கொடியைக் குறி வைத்து அடிப்பது எப்படியும் குறைவு. கிட்டே வரவர இடைவெளி சுருங்குவது நல்லது, இதுதான் பொதுவான கணக்கு. சமமாக எல்லா இடத்திலும் 10 யார்டு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பணம்தான் கரையும்.

5. வெட்ஜ் பக்கத்தை முதலில் சரி செய்யுங்கள்

பெரும்பாலோர் டிரைவரில் தொடங்குவார்கள். நான் அதற்கு நேர் எதிர் கட்சி. 110 யார்டுக்குள் அடிக்கும் அடிகள் ஒரு சுற்றில் நிறைய வரும், அங்கே ஒரு பள்ளத்தை அடைத்தால் ஸ்கோரில் உடனே தெரியும்.

கணக்கு எளிது. பிட்சிங் வெட்ஜின் லாஃப்டில் தொடங்கி 4 முதல் 6 டிகிரி இடைவெளி விட்டு ஏறுங்கள். 44 என்றால் 50, 56 என்று இரண்டு வைக்கலாம். இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் 48, 52, 56. பிட்சிங் வெட்ஜ் 46 என்றால் 51, 56 அழகாகப் பொருந்தும். மேலே சொன்ன பட்டியல்காரருக்கு 50 டிகிரி ஒன்று சேர்ந்தால் 93 யார்டு பக்கம் ஒரு கிளப் வந்துவிடும்: 107, 93, 78. தொடக்கத்தில் சொன்ன அந்த 95 யார்டு தொல்லை அதோடு தீரும்.

52, 56, 60 என்று மூன்றாகச் சேர்த்து விற்பார்கள். உங்கள் பிட்சிங் வெட்ஜ் எத்தனை டிகிரி என்று கேட்காமலே விற்கப்படும் தொகுப்பு அது. 43 டிகிரி பிட்சிங் வெட்ஜ் வைத்திருப்பவர் அதை வாங்கினால், தேவைப்படும் இடத்தில் 9 டிகிரி பள்ளம் அப்படியே இருக்கும், தேவைப்படாத இடத்தில் 60 டிகிரி வந்து உட்காரும். 60 டிகிரியை முழு ஸ்விங்கில் அடிப்பது கடினம். கொஞ்சம் தவறினாலும் பந்து முகத்தின் மேல்பகுதியில் பட்டு மேலே போய் அங்கேயே விழும். முதல் வருடத்தில் அது இல்லாமலே இருங்கள்.

இடையில் வருவது கேப் வெட்ஜ். உங்கள் அயர்ன் செட்டோடு சேர்ந்த கேப் வெட்ஜ் ஒன்று பெரும்பாலும் உண்டு. ஜி, ஏ, யு, டபிள்யூ என்று ஏதாவது ஓர் ஆங்கில எழுத்தோ வெறும் டிகிரி எண்ணோ பொறித்திருக்கும். முழு ஸ்விங்குக்குத்தான் வேண்டும் என்றால் அதையே வாங்குங்கள். அயர்ன் போலவே இருக்கும், ஓரத்தில் பட்டாலும் மன்னிக்கும். அரை ஸ்விங், சிப் (கிரீன் பக்கத்துச் சிறு அடி), பங்கர் என்று பலவற்றுக்கும் வேண்டும் என்றால் தனியாக விற்கும் வெட்ஜ் நல்லது.

தனி வெட்ஜ் வாங்கும்போது பவுன்ஸ் எண்ணையும் பாருங்கள். கிளப்பின் அடிப்பாகம் தரையில் புதையாமல் வழுக்க உதவும் கோணம் அது. மண் மென்மையாக இருந்தாலோ, நீங்கள் செங்குத்தாக இறங்கி அடிப்பவராக இருந்தாலோ 10 டிகிரிக்கு மேல் வேண்டும். கெட்டியான தரை, மணல் குறைந்த பங்கர் என்றால் குறைவான பவுன்ஸ். எதுவென்று தெரியாவிட்டால் சாண்ட் வெட்ஜுக்கு 10 முதல் 12 வரை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கேயும் பெரிதாகக் காலை வாராது.

6. நீளமான கிளப்களைக் குறையுங்கள்

மேல்பக்கத்தில் பிரச்சினை நேர்மாறானது: கிளப் அதிகம், தூரம் குறைவு. லாஃப்ட் குறைந்த அயர்ன் பந்தை உயரத்துக்கு எழுப்ப ஸ்விங் வேகம் வேண்டும். வேகம் போதாதபோது பந்து தாழ்வாகப் போய்ச் சீக்கிரமே இறங்கிவிடும். அதனால்தான் பலருக்கு 5-அயர்னும் 6-அயர்னும் ஏறக்குறைய ஒரே தூரம் போகின்றன. அடுத்தடுத்த இரண்டு அயர்ன்களுக்கு நடுவே 7, 8 யார்டு கூட இல்லை என்றால் அந்த நீளமானதை எடுத்துவிட்டு ஹைப்ரிட்டோ லாஃப்ட் கூடிய வுட்டோ வையுங்கள்.

ஹைப்ரிட்டில் எடை கீழேயும் பின்னாலும் இருப்பதால் பந்து சுலபமாக எழும்பும், ரஃபிலிருந்தும் (உயரமான புல்லிலிருந்தும்) வெளியே வரும். ஆனால் ஒன்று: 4-ஹைப்ரிட் 4-அயர்னுக்குச் சரியான மாற்று என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ஹைப்ரிட்டின் ஷாஃப்ட் பொதுவாக அதே எண் அயர்னைவிட நீளம், ஆகவே பலருக்குக் கூடுதல் தூரம் போகும். எண்ணை விட்டுவிட்டு, எந்தத் தூரம் காலியாக இருக்கிறதோ அதற்கு எது போகிறது என்று அடித்துப் பாருங்கள். வேகமாக அடிப்பவர்கள் சிலருக்கு ஹைப்ரிட் இடப்பக்கம் வளைந்து ஓடும் (இடக்கைக்காரருக்கு வலப்பக்கம்). அவர்களுக்கு யுட்டிலிட்டி அயர்ன் (அடிப்பதற்குச் சுலபமாக்கிய நீளமான அயர்ன்) பொருந்தலாம்.

7-வுட்டை நான் மனதார சிபாரிசு செய்வேன். லாஃப்ட் 21 டிகிரி அளவில் இருக்கும். உயரமாகப் போய் மென்மையாக இறங்கும், கிரீனில் நிற்கும். ஒரே கேரி போகும் இரண்டு கிளப்பில் எதை வைப்பது என்ற கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது: எது செங்குத்தாக இறங்குகிறதோ அதை வையுங்கள். லாஞ்ச் மானிட்டரில் இறங்கு கோணம் என்று தனியாகவே காட்டும்.

பட்டியல்காரருக்குத் திரும்புவோம். 5-அயர்னை எடுத்துவிடலாம், ஹைப்ரிட்டிலிருந்து 6-அயர்னுக்கு 14 யார்டு, தாராளமாகப் போதும். 3-வுட், 5-வுட் இரண்டில் 5-வுட்டை வைத்துக்கொள்ளலாம். 4 யார்டுதான் குறைவு, ஆனால் புல்லில் இருக்கும் பந்தை 18 டிகிரி லாஃப்டில் எழுப்புவது 15 டிகிரியைவிட எவ்வளவோ சுலபம். டிரைவருக்கும் அதற்கும் 23 யார்டு இடைவெளி வரும், இருந்துவிட்டுப் போகட்டும். டிரைவர் பெரும்பாலும் டீயிலிருந்து மட்டும் அடிப்பது, இடையில் ஒரு தூரம் காலியாக இருந்தால் நஷ்டமில்லை. கடைசியில் பையில் டிரைவர், 5-வுட், 4-ஹைப்ரிட், 6 முதல் 9 வரை அயர்ன், பிட்சிங், 50, 56, பட்டர். பதினொன்று. வாங்க வேண்டியது ஒரே ஒரு வெட்ஜ்.

7. செலவு: மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

முதலில் செலவே இல்லாத வழிகள். பயன்படாத கிளப்பை எடுத்துவிடுவது ஒன்று. கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்து அடிப்பது இன்னொன்று, சில யார்டு குறையும். மூன்றாவது, வெட்ஜில் கையை இடுப்பு உயரம் வரை, மார்பு உயரம் வரை என்று நிறுத்தி அடித்துப் பழகுவது. ஒரு வெட்ஜில் இரண்டு மூன்று தூரம் கிடைக்கும்.

அடுத்தது லாஃப்டை வளைப்பது. இடைவெளி கொஞ்சம்தான் பிசகியிருக்கிறது என்றால் பட்டறையில் 1 அல்லது 2 டிகிரி வளைத்துத் தருவார்கள். வெட்ஜில் ஒரு டிகிரிக்கு இரண்டு மூன்று யார்டு மாறும். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) எஃகு சுலபமாக வளையும். காஸ்ட் (வார்த்துச் செய்த) கிளப்பில் முறியும் அபாயம் உண்டு, உள்ளே கூடாக இருக்கும் சில அயர்ன்களை வளைக்கவே கூடாது. எனவே முன்னாடியே கேளுங்கள், உடைந்தால் பொறுப்பு யாருடையது என்பதையும் சேர்த்து. லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும், மறக்க வேண்டாம். வுட், ஹைப்ரிட்டில் திருகி மாற்றும் வசதி இருந்தால் அதுவே போதும். ஆனால் சுற்றின் நடுவில் மாற்றக் கூடாது, விதி மீறல்.

இவற்றால் தீராதபோதுதான் வாங்குவது. பயன்படுத்திய ஒற்றை ஹைப்ரிட்டோ வுட்டோ புதியதைவிட வெகு மலிவாகக் கிடைக்கும், மாடல் பழையதாவதால் தூரம் ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடாது. வெட்ஜ் மட்டும் விதிவிலக்கு. முகத்தின் வரிகள் தேய்ந்திருந்தால் பந்து நிற்காது. விரல் நகத்தால் வருடிப் பாருங்கள், ஓரம் மழுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். இடைவெளிக்காக முழு அயர்ன் செட்டை மாற்றுவது ஏறக்குறைய எப்போதுமே வீண் செலவு.

ஃபிட்டிங் கட்டணத்தை, அங்கேயே கிளப் வாங்கினால் கழித்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். வாங்காவிட்டாலும் உங்கள் எண்கள் அடங்கிய அறிக்கையைத் தருவார்களா என்பதையும் கேளுங்கள். பணத்துக்கு உங்களிடம் மிஞ்சும் பொருள் அந்த அறிக்கைதான்.

8. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

லாஃப்ட் பட்டியல், கேரிப் பட்டியல், அளந்த தேதி, எந்தப் பந்தில் அளந்தீர்கள் என்ற குறிப்பு. கடைக்குப் போகும்போது இவற்றைக் காட்டினால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும். புதிதாக வாங்கினால் ரசீதில் லாஃப்ட், பவுன்ஸ், ஷாஃப்ட் வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள், ஒரு முறை அடித்துவிட்டாலும் எடுத்துக்கொள்வார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயன்படுத்தியது என்றால் சீரியல் எண்ணைச் சரிபாருங்கள், போலிகள் நிறைய உலவுகின்றன. ஷாஃப்ட் மாற்றியதா, நீளம் வெட்டியதா என்று கேளுங்கள். ஷாஃப்ட் உங்கள் மற்ற அயர்ன்களைவிட வெகுவாக இலகுவாகவோ கனமாகவோ இருந்தால் லாஃப்ட் கணக்கு சரியாக இருந்தும் தூரம் சரியாக வராது.

போட்டியில் ஆடுவதாக இருந்தால் டிரைவர் தலைக்கு மட்டும் இன்னொரு சோதனை. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. அமைப்புகளின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கும் மாடல்தான் வேண்டும் என்று போட்டிக் குழு விதி போடலாம். பழைய டிரைவர் வாங்கும் முன் அந்தப் பட்டியலில் தேடிவிடுங்கள்.

9. எப்போது செய்வது

ஸ்விங் கொஞ்சமாவது நிலைப்பட்ட பிறகு அளங்கள். பயிற்சியாளரிடம் பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் எண் அடுத்த மாதம் மாறிவிடும். அளந்த அன்றே வாங்காதீர்கள். அந்தப் பட்டியலோடு சில சுற்றுகள் ஆடி, எந்தத் தூரத்தில் உண்மையிலேயே திணறுகிறீர்கள் என்று பாருங்கள். தாளில் பள்ளமாகத் தெரியும் தூரம் உங்கள் மைதானத்தில் வராமலே போகலாம்.

ஒரு நேரத்தில் ஒரு கிளப் மட்டும் மாற்றுங்கள். புதியது வந்ததும் அதையும் அதன் இரு பக்கத்து கிளப்பையும் மறுபடி அளங்கள். முக்கியமான போட்டி நெருங்கும்போது பையில் கை வைக்க வேண்டாம். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை; காயத்திலிருந்து மீண்டவர்களும் பந்தின் மாடலை மாற்றியவர்களும் வருடம் முடியக் காத்திருக்காமல் உடனே அளந்துவிடுங்கள்.